மலைநாட்டில் மாட்டுப் புல்லும் உப்புத் தண்ணீரும்: எங்கிருந்து வருகிறது, எப்படி அளப்பது, எப்படிச் சரிசெய்வது

யாழ்ப்பாணத்திலோ புத்தளத்திலோ கிணறு உவர்ப்பாகிவிட்டது என்றால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். அட்டனிலோ வெலிமடையிலோ மாடு வளர்க்கிறவரிடம் போய், உங்கள் புல்லுக்குப் பாய்கிற தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் சிரிப்பார். அவர் சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது. பாறை இடுக்கிலிருந்து வருகிற பீலித் தண்ணீரில் உப்பு அளக்கிற ஈசி மீட்டரை விட்டுப் பாருங்கள் (அது என்ன, எண்ணின் அலகு என்ன என்பது படி 2இல்), பெரும்பாலும் 0.2க்குக் கீழேதான் காட்டும். பயிருக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடைப்பது கஷ்டம்.

சிக்கல் என்னவென்றால், பீலியில் பிடித்த அதே தண்ணீர் அப்படியே புல்லின் வேருக்குப் போவதில்லை. நடுவில் மாட்டுக் கொட்டகை இருக்கிறது. மேலே ஒருவர் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டு மூட்டை மூட்டையாகப் பசளை இறைத்திருக்கிறார், அதன் கீழே கானு ஓடுகிறது. பக்கத்தில் ஸ்ட்ரோபெரி வளர்க்கிற பொலித்தீன் கூடாரம், அதிலிருந்து வடிகிற தண்ணீர். இது எல்லாவற்றையும் தாண்டி வந்துதான் உங்கள் புல் பாத்தியில் விழுகிறது. கடல் நமக்கு எட்டாத தூரத்தில் இருந்தாலும் உப்பு நாம் கொட்டுகிற பசளை மூட்டையிலும் மூத்திரத் தொட்டியிலும் இருக்கிறது. அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால், உப்பு எந்த இடத்தில் தண்ணீரில் கலக்கிறது என்று கண்டுபிடியுங்கள். இந்த வழிகாட்டியின் முதல் படிகள் அதைப் பற்றித்தான்.

முதலில்: உங்களுக்கு இது தேவையா?

எல்லோருக்கும் தேவையில்லை. வட்டவளை, கினிகத்தேனை பக்கம் இருப்பவர்களுக்கு மழையே பெரிய வைத்தியர். மேற்குச் சரிவில் வருடத்துக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது, மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவத்தில் மண்ணில் இருக்கிற உப்பு எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். அங்கே சாணிக் கரைசலைக் கெட்டியாக ஊற்றி இலை கருகுவதைத் தவிர வேறு உப்புப் பிரச்சினை அபூர்வம்.

கவனமாக இருக்க வேண்டியவர்கள் ஊவாப் பக்கத்தவர்கள். பண்டாரவளை, வெலிமடை, ஹாலிஎல வட்டாரத்தில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழை குறைவு, காற்றோ பலம். மண்ணின் ஈரம் மேலே ஏறி ஆவியாகும், உப்பு மட்டும் மேல் மண்ணில் தங்கும். நுவரெலியாவில் ஜனவரி முதல் மார்ச் வரை இதே கதைதான், அளவு கொஞ்சம் குறைவாக. இந்த மாதங்களில் ஹோஸ் பிடித்துப் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவர்கள், அதுவும் மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே இருப்பவர்கள், மேற்கொண்டு படியுங்கள்.

உப்பு புல்லை என்ன செய்கிறது

வேர் தண்ணீரை உறிஞ்சுவது உள்ளே இருக்கிற கரைசல் வெளியே இருப்பதைவிடக் கெட்டியாக இருப்பதால்தான். வெளியே உப்பு ஏற ஏற அந்த வித்தியாசம் குறைகிறது. எலுமிச்சங்காயை உப்பில் போட்டால் அது தண்ணீர் விடுகிறதே, அந்த இழுவைதான் மண்ணில் வேருக்கு எதிராக நடக்கிறது. அதனால்தான் மண் ஈரமாக இருந்தும் மத்தியான வெயிலில் புல் வாடி நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே தண்ணீரை இன்னும் கொஞ்சம் விடுவோம், அதோடு உப்பும் சேரும்.

இரண்டாவது, சோடியமும் குளோரைட்டும் இலைக்குள் போய்ச் சேர்ந்து நுனியையும் ஓரத்தையும் கருக்கும். முதலில் பழைய இலையில், அடியிலிருந்து.

மூன்றாவது மண்ணுக்கு நடப்பது. சோடியம் அதிகமானால் களித் துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துக்கொள்ளும், மேலே தோல் மாதிரி ஒரு படலம் கட்டும், தண்ணீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடிவிடும். நல்ல வேளையாக நம்முடைய சிவப்பு மஞ்சள் மண் இந்த விஷயத்தில் கொஞ்சம் உறுதியானது. அதனால் முதல் இரண்டையும்தான் நாம் அதிகம் பார்ப்போம்.

இதில் ஏமாற்றுவது எது தெரியுமா? இலை கருகுவதற்கு வெகு முன்னாலேயே விளைச்சல் குறைந்துவிடும். புல் பச்சையாகவே இருக்கும், சில நேரம் வழக்கத்தைவிடக் கரும்பச்சையாக, நீலம் கலந்த மாதிரி. ஆனால் குட்டை, தூர் குறைவு. ஐந்து கட்டு வந்த பாத்தியில் நாலு கட்டு வரும். வெயில் காலம்தானே என்று விட்டுவிடுவோம்.

படி 1: தண்ணீர் வரும் பாதையை நடந்து பாருங்கள்

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு பாத்தியிலிருந்து மேல்நோக்கி நடங்கள். தண்ணீரில் எது எங்கே சேர்கிறது என்று குறியுங்கள். நம் பக்கத்தில் நான் சந்தேகப்படுகிற இடங்கள் இவை.

மாட்டு மூத்திரத் தொட்டிதான் பெரிய ஆள். அதில் பொட்டாசியமும் தழைச்சத்தும் நிறைய, சாதாரண பேனா மீட்டரை நேராக விட்டால் அளவு எல்லையைத் தாண்டிவிடும். மழை நாளில் கொட்டகை கழுவிய தண்ணீர் நன்றாகக் கலந்து ஐதாகிறது, வெயில் காலத்திலோ தண்ணீரைச் சிக்கனப்படுத்தி இரண்டு வாளியில் கழுவுகிறோம், தொட்டி கெட்டியாகிறது. புல்லுக்கு மிகக் கடினமான மாதத்தில் மிகக் கெட்டியான கரைசல் போகிறது. பயோகேஸ் குழியிலிருந்து வருவதும் அப்படித்தான். சாணி செரித்தாலும் உப்பு எங்கும் போவதில்லை.

கோழி எரு அடுத்தது. கீழ்நாட்டிலிருந்து லொறியில் ஏறி வருகிறது, மரக்கறிக்காரர்கள் தாராளமாகப் போடுகிறார்கள். போட்ட பிறகு வருகிற முதல் மழையிலோ முதல் பாய்ச்சலிலோ அதன் உப்பு கானுக்கு இறங்கும்.

தும்புத்தூளை யாரும் சந்தேகப்படுவதில்லை. கழுவாத தும்புத்தூளில் பொட்டாசியம், சோடியம், குளோரைட் மூன்றும் இருக்கும். கொட்டகையில் மாட்டுக்குப் படுக்கையாகப் போட்டாலும் சரி, கூடாரத்தில் பையில் நிரப்பினாலும் சரி, முதலில் வடிகிற தண்ணீர் உப்புத் தண்ணீர்தான். கூடாரத்தில் பசளை கரைத்துவிடுகிறவர்களின் வடிநீர் வருடம் முழுவதும் அப்படி.

பால் சேகரிக்கிற நிலையத்துக்குக் கீழே புல் வளர்ப்பவர்கள் இன்னொன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பால் தாங்கி கழுவ கோஸ்டிக் சோடா பயன்படுத்துவது வழக்கம், அது சோடியம். ஹோட்டல்களில் தண்ணீரை மென்மையாக்குகிற இயந்திரம் இருந்தால், அதைக் கழுவிவிடுகிற நாளில் உப்புக் கரைசல் அப்படியே கானுக்கு வரும். அந்த நாளைத் தவிர மற்ற நாட்களில் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்பதால் ஒரு தடவை அளந்து நம்பிவிடக் கூடாது.

மாத்தளை, திகன பக்கத்தில் டொலமைட், சுண்ணக்கல் பாறை இருப்பதால் கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருக்கும், கேத்தலில் வெள்ளைப் படிவு கட்டும். மீட்டரில் எண் கூடுதலாகக் காட்டும். அதில் பெரும்பங்கு கல்சியமும் மக்னீசியமும்தான், புல்லுக்கு அது பெரிய எதிரி இல்லை.

படி 2: அளங்கள், நாக்கை நம்பாதீர்கள்

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே அண்ணே, இதுல என்ன உப்பு?" என்று கேட்பார்கள். கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது. பொட்டாஷும் நைத்திரேட்டும் கறியுப்பு மாதிரி கரிக்காது, அதனால் நாக்குக்கும் தெரியாது. மரக்கறித் தோட்டத்துக் கானில் தண்ணீரை வாயில் வைக்கவும் கூடாது, அதில் என்ன மருந்து கலந்திருக்கிறதோ.

தேவையானது ஒரு ஈசி மீட்டர், அதாவது மின்கடத்துதிறன் அளக்கிற பேனா போன்ற கருவி. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும், அதை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. அலகு மில்லிசீமன்ஸ்/சென்ரிமீற்றர் என்றோ டெசிசீமன்ஸ்/மீற்றர் என்றோ இருக்கும், இரண்டும் ஒரே எண்தான். மைக்ரோசீமன்ஸ் என்று காட்டினால் 1000ஆல் வகுங்கள். 1 டெசிசீமன்ஸ் என்றால் லீற்றருக்கு ஏறக்குறைய 640 மில்லிகிராம் உப்பு. பீபீஎம் மட்டும் காட்டுகிற டீடிஎஸ் பேனா வாங்கவேண்டாம். அது உள்ளே அளப்பதும் இதே ஈசியைத்தான், பிறகு ஒரு கொம்பனி 500ஆலும் இன்னொன்று 700ஆலும் பெருக்கிக் காட்டும், யாருடைய எண்ணையும் யாரோடும் ஒப்பிட முடியாது.

மலைநாட்டுக்கு மட்டும் ஒரு விசேஷம். ஈசி என்பது 25 பாகை வெப்பநிலைக்கான எண். ஒரு பாகை குறைந்தால் ஏறக்குறைய 2 வீதம் குறைத்துக் காட்டும். நுவரெலியாவில் காலையில் பீலித் தண்ணீர் 15 பாகையில் இருந்தால், வெப்பநிலையைத் தானாகச் சரிசெய்யாத மீட்டர் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகச் சொல்லும். வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் பேனாவைத் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்துவிட்டுப் படியுங்கள்.

மீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க 1.413 என்று எழுதிய கரைசல் விற்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் சுத்தமான மழைத் தண்ணீர் 2 லீற்றரில் நகைக்கடைத் தராசில் நிறுத்த 1 கிராம் கறியுப்பைக் கரைத்துப் பாருங்கள், 1.0க்குக் கிட்ட வரவேண்டும். 0.6 என்றோ 1.5 என்றோ வந்தால் மீட்டரைத் திருப்பிக் கொடுக்கலாம்.

இனி, குறித்த ஒவ்வொரு இடத்திலும் அளங்கள். பீலி, கொட்டகைக்கு மேலே, கொட்டகைக்குக் கீழே, மரக்கறிக் கானு சேருமுன், சேர்ந்த பின், ஹோஸின் வாய். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் எண் குதிக்கிறதோ அங்கேதான் உப்பு நுழைகிறது. ஒரு வெயில் நாள், நல்ல மழைக்கு அடுத்த நாள், மேலே பசளை போட்ட வாரம் என்று வேறு வேறு நேரங்களில் பாருங்கள்.

ஒன்றை மறக்கவேண்டாம்: யூரியா மீட்டரில் தெரியாது. கரைந்தாலும் அது மின்சாரம் கடத்தாது, மண்ணில் அமோனியமாக மாறிய பிறகுதான் எண் ஏறும். யூரியா கரைத்த வாளியில் மீட்டரை விட்டு 0.2 என்று பார்த்துவிட்டு இலைமேல் ஊற்றினால் இலை கருகத்தான் செய்யும். பொட்டாஷ் நேர் எதிர். மியூரியேட் ஒவ் பொட்டாஷ் லீற்றருக்கு 7.5 கிராம் கரைத்தாலே மீட்டர் 13க்குக் கிட்டப் போய்விடும். பசளைகளின் உப்புத் தன்மையை ஒப்பிடுகிற சுட்டெண் ஒன்று உண்டு, அதில் மியூரியேட் 116, யூரியா 75, அமோனியம் சல்பேட் 69, பொட்டாசியம் சல்பேட் 46. பொட்டாஷ் கட்டாயம் வேண்டும், உப்பும் இருக்கிறது என்றால் சல்பேட் வகை நல்லது, விலைதான் கையைக் கடிக்கும்.

படி 3: எண் எதைச் சொல்கிறது

பாசனத் தண்ணீர் 0.7க்குக் கீழே இருந்தால் உப்பை மறந்துவிடுங்கள். 0.7 முதல் 3 வரை பயிரைப் பொறுத்தது. 3க்கு மேல் என்றால் வேறு தண்ணீர் தேடவேண்டும் அல்லது கலக்கவேண்டும். இது ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் கணக்கு, உலகம் முழுவதும் இதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

பயிர்களுக்கு வரும்போது தண்ணீரின் எண்ணைப் பார்க்காமல் மண்ணின் எண்ணைப் பார்க்கவேண்டும். தொடர்ந்து ஒரே தண்ணீரைப் பாய்ச்சி, அதில் 15 முதல் 20 வீதம் வேருக்குக் கீழே வடிகிறது என்றால் மண்ணின் ஈசி தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு. தண்ணீர் 2 என்றால் மண் 3. வடிகால் மோசமென்றால் அதற்கும் மேலே.

எந்தப் பயிர் எந்த எண் வரை விளைச்சல் குறையாமல் தாங்கும்? வெள்ளைக் குளோவர் 1.5. தீனிச் சோளம் 1.8. அல்பல்பா 2.0. கௌபி 2.5. சூடான் புல் 2.8. உயர் பெஸ்கியூ 3.9. ரைப்புல் 5.6. இறுங்கு 6.8. நம்ம அறுகம்புல் 6.9. எல்லாம் மண்ணின் ஈசி. அதைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் சோளம் 7.4 வீதமும் குளோவர் 12 வீதமும் குறையும். இறுங்கு தாங்கும்வரை தாங்கி, தாண்டியதும் ஒரு எண்ணுக்கு 16 வீதம் சரியும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹோஸில் 3 வருகிறது, மண் 4.5. சோளத்துக்கு 4.5இலிருந்து 1.8ஐக் கழித்தால் 2.7, அதை 7.4ஆல் பெருக்கினால் 20 வீத நட்டம். அதே தண்ணீரில் ரைப்புல்லும் குளோவரும் கலந்த மேய்ச்சல் நிலம் இருந்தால் ரைப்புல்லுக்கு ஒன்றும் ஆகாது, குளோவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப் புல்வெளிதான். புரதம் கொடுக்கிற பயிர் காணாமல் போயிருக்கும், பால் குறையும், புண்ணாக்குக் கணக்கு ஏறும், காரணம் தெரியாது.

சீஓ 3, சீஓ 4 போன்ற நேப்பியர் கலப்பினங்கள் நடுத்தரமானவை. நான் அவற்றுக்குப் பாய்கிற தண்ணீரை 2க்குக் கீழேயே வைத்திருக்கப் பார்ப்பேன், புதிதாகத் துண்டு நட்டிருக்கும்போது 1க்குக் கீழே. முளைக்கிற காலத்தில் எந்தப் புல்லும் பலவீனம்தான்.

0.7 என்பதும் 1 என்பதும் சின்ன எண் மாதிரி தெரியலாம். 20 பேர்ச்சஸ் புல்லுக்கு ஒரு நாளைக்கு 4 மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 2,000 லீற்றர். ஈசி 1 உள்ள தண்ணீர் என்றால் அதில் 1.3 கிலோ உப்பு. மழையில்லாத இரண்டு மாதத்தில் 78 கிலோ, அதாவது ஒன்றரை மூட்டை உப்பை அந்தச் சின்னத் துண்டில் கொட்டியிருப்பீர்கள். புல்லும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்தான், முக்கியமாகப் பொட்டாசியத்தை. மிச்சம் மண்ணில்.

படி 4: மண்ணையும் பாருங்கள்

பாத்தியில் மேல் 15 சென்ரிமீற்றர் ஒரு மாதிரி, அதற்குக் கீழ் 15 இன்னொரு மாதிரி. அதோடு தண்ணீர் பாய்ச்சாத மேட்டிலிருந்தும் ஒன்று எடுங்கள், இல்லாவிட்டால் எண்ணை எதோடு ஒப்பிடுவது? நிழலில் காயவைத்து, பொடியாக்கி, 20 கிராம் மண்ணுக்கு 100 மில்லிலீற்றர் மழைத் தண்ணீர் விட்டு ஒரு மணித்தியாலம் அவ்வப்போது குலுக்குங்கள். தெளிந்ததும் அளங்கள். வந்த எண்ணை இருவாட்டி மண் என்றால் 10ஆலும், களி கூடிய மண் என்றால் 8ஆலும் பெருக்கினால் மேலே சொன்ன மண் ஈசிக்குக் கிட்ட வரும். 0.3 வந்தால் 3 என்று வையுங்கள். ஆய்வுகூடத் துல்லியம் இதில் கிடையாது, மேல் மண்ணுக்கும் கீழ் மண்ணுக்கும், பாய்ச்சிய பாத்திக்கும் பாய்ச்சாத மேட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டும்.

சோடியமா என்று பார்க்க இன்னும் சுலபம். கண்ணாடிக் கோப்பையில் மழைத் தண்ணீர் விட்டு, காய்ந்த மண் கட்டி ஒன்றை மெதுவாக உள்ளே போட்டு அசைக்காமல் சில மணித்தியாலம் வையுங்கள். கட்டி உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கல் பரவினால் சோடியம் வேலை செய்கிறது, அப்போது மண்ணையும் தண்ணீரையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். பேராதனை கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. மாதிரியை எங்கே, எப்படிக் கொடுப்பது என்பதை உங்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடமோ கால்நடை வைத்தியரிடமோ கேளுங்கள். கேட்கும்போது ஈசி, பீஎச், சோடியம், கல்சியம், மக்னீசியம், குளோரைட், நைத்திரேட் என்று எழுதிக் கொடுங்கள். வெறுமனே தண்ணீர் சோதிக்கவேண்டும் என்றால் குடிநீருக்கான சோதனையைச் செய்து தருவார்கள்.

படி 5: உப்புதானா என்று உறுதிப்படுத்துங்கள்

மலைநாட்டில் இலை கருகுவதற்குக் காரணங்கள் பல. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் பனி உறைந்தால் பள்ளத்தில் உள்ள புல் ஒரே இரவில் கருகும், மேட்டில் உள்ளது தப்பும். உப்பு அப்படி ஒரே இரவில் வராது, வாரக் கணக்கில் நுனியிலிருந்து ஊர்ந்து வரும். பொட்டாசியம் குறைந்தாலும் பழைய இலையின் ஓரம் கருகும், அது மாட்டு மூத்திரம் படாத, பசளை காணாத தூரத்துப் பாத்தியில் வரும். உப்போ கொட்டகைக்குப் பக்கத்துப் பாத்தியில் தொடங்கும். புளிப்பு மண் என்றால் வேர் குட்டையாகத் தடித்திருக்கும், அதற்கு டொலமைட். உப்புக்கு டொலமைட் மருந்தில்லை.

இன்னொரு அடையாளம்: நீங்கள் நட்ட புல் மெலிந்துபோய், அடிப் பாத்தியில் அறுகு மட்டும் ஜோராகப் படர்ந்தால் சந்தேகப்படுங்கள். மேலேயுள்ள எண்களைப் பார்த்தால் காரணம் புரியும்.

படி 6: சரிசெய்வது

முதல் வேலை பிரிப்பது. நல்ல பீலித் தண்ணீரும் கொட்டகைத் தண்ணீரும் ஒரே கானில் கலந்து வருகிறது என்றால் ஒரு குழாய் போட்டுப் பீலித் தண்ணீரைத் தனியாகக் கொண்டுவாருங்கள். பலருக்குக் கதை இத்தோடு முடிந்துவிடும், மிச்சப் படிகள் தேவைப்படாது. மேல் தோட்டக்காரரின் கானை மண் வெட்டி ஒதுக்கிவிடுவதும் அப்படித்தான், ஆனால் அதை அவரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். கானுக்காக ஆரம்பித்த சண்டைகள் தோட்டத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது கலப்பது. கொட்டகை கழுவிய தண்ணீர் 6, பீலி 0.1 என்று வையுங்கள். 2க்குக் கொண்டுவர ஒரு வாளிக்கு இரண்டு வாளிக்குச் சற்று மேலே பீலித் தண்ணீர் போதும். 1க்குக் கொண்டுவர ஐந்தரை வாளி வேண்டும். கணக்குப் பிடிக்காதவர்கள் பீப்பாவில் கலந்து மீட்டரை விட்டுப் பார்த்தே பழகலாம்.

எப்போது ஊற்றுவது என்பது எவ்வளவு ஊற்றுவதைப்போலவே முக்கியம். அறுத்த மூன்று நாலு நாளுக்குள், புது இலை விரியுமுன், அடியில் ஊற்றுங்கள். சாயங்காலம் நல்லது. வெயிலில் ஸ்பிரிங்க்ளரில் தெளித்தால் இலைமேல் தண்ணீர் ஆவியாகி உப்பு தங்கி இலை வழியாகவே உள்ளே போகும். ஊற்றி முடித்ததும் நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிவிடுங்கள். அப்புறம், பாத்தியை மாற்றுங்கள். ஹோஸ் எட்டுகிற முதல் பாத்திதான் எப்போதும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. கொட்டகைக்கு ஒட்டிய புல் கரும்பச்சையாக ஆளுயரத்துக்கு நிற்பதும், பிறகு நடுவில் சொட்டை விழுவதும் இதனால்தான். பத்தடி ஹோஸ் கூடுதலாக வாங்குவது எந்த மருந்தையும்விட மலிவு.

மூன்றாவது கழுவுவது. உப்பை மண்ணிலிருந்து வெளியேற்ற ஒரே வழி நல்ல தண்ணீரைக் கீழே இறக்குவது. ஒரு அடி ஆழ மண்ணுக்கு ஆறு அங்குலத் தண்ணீர் இறங்கினால் பாதி உப்பு போகும், ஒரு அடித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 80 வீதம். அவ்வளவு தண்ணீரை ஹோஸில் விடவேண்டாம், ஒக்டோபர், நவம்பர் மழை ஊவாவில் அதைச் செய்துவிடும், நீங்கள் செய்யவேண்டியது மழைக்கு முன் மண்ணைக் கொத்தி, தண்ணீர் ஓடாமல் இறங்க வழி பண்ணுவது. மழை வரும்வரை சமாளிக்க ஒவ்வொரு பாய்ச்சலிலும் கொஞ்சம் கூட்டி விடலாம். தண்ணீர் 2, சோளத்துக்கு மண் 1.8இல் நிற்கவேண்டும் என்றால் 29 வீதம் வேருக்குக் கீழே வடியவேண்டும், புல்லின் தேவை 4 மில்லிமீற்றர் என்றால் 5.6 விடவேண்டும். சரிவில் அதை ஒரேயடியாக விட்டால் ஓடிவிடும். பாதி விட்டு, அரை மணித்தியாலம் கழித்து மிச்சத்தை விடுங்கள்.

ஆனால் கழுவிய உப்பு எங்கே போகிறது? மலையில் எல்லோருக்கும் கீழே இன்னொருவர் இருக்கிறார். உங்கள் பாத்தி வடிகிற இடத்துக்குக் கீழே ஒரு லயத்தின் பீலியோ கிணறோ இருந்தால், உப்போடு நைத்திரேட்டும் அங்கே போகும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேட் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. வடிகானைப் பீலியை விட்டு விலக்கித் திருப்புங்கள், நடுவில் ஒரு வரிசை கௌதமாலாப் புல் நட்டுவிட்டால் ஓடுகிற சத்தை அது கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். தேயிலை மீள்நடுகைக்கு முன் மண்ணைத் தேற்ற நடுகிற அதே புல்தான், தோட்டத்தில் கேட்டால் கிடைக்கும்.

ஜிப்சம் போடலாமா என்று கேட்பார்கள். கோப்பைச் சோதனையில் பால் கலங்கல் வந்து ஆய்வுகூடமும் சோடியம் என்று சொன்னால் போடுங்கள். கல்சியம் சோடியத்தைத் தள்ளிவிடும், பிறகு நல்ல தண்ணீர் அதைக் கழுவவேண்டும். நம் உப்பு பெரும்பாலும் பொட்டாசியமும் நைத்திரேட்டும், அதற்கு ஜிப்சம் போட்டால் இன்னொரு உப்பைச் சேர்த்த மாதிரிதான்.

நடும்போது ஒரு சின்ன விஷயம். மேட்டுப் பாத்தி போட்டு, மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் தண்ணீர் விட்டால் உப்பு மேட்டின் உச்சிக்கு ஏறி நிற்கும். துண்டை உச்சியில் நடாமல் சரிவில், தண்ணீர் தொடுகிற பக்கம் நடுங்கள். மேலே காய்ந்த புல், தேயிலைக் கவாத்துக் குச்சி, எது கிடைத்தாலும் மூடிவிடுங்கள், ஆவியாவது குறைந்தால் உப்பு ஏறுவதும் குறையும்.

படி 7: மாட்டின் பக்கம்

புல் பிழைத்தாலும் கதை முடியவில்லை. மூத்திரத் தொட்டித் தண்ணீரிலேயே வளர்ந்த புல்லில் பொட்டாசியம் மிக அதிகமாக இருக்கும், புல் தேவைக்கு மேலேயே அதை உறிஞ்சிக்கொள்ளும். அதைத் தின்கிற மாட்டுக்கு வயிற்றில் மக்னீசியம் சேராது. நடுக்கம், தடுமாற்றம், திடீரென்று விழுவது எல்லாம் அதன் அறிகுறி, உடனே கால்நடை வைத்தியரைக் கூப்பிடவேண்டிய விஷயம். கன்று போட்டதும் மாடு எழும்ப முடியாமல் கிடக்கிற பால் காய்ச்சலுக்கும், கன்று போடுவதற்கு முந்தின வாரங்களில் பொட்டாசியம் கூடிய தீனிக்கும் தொடர்பு இருக்கிறது. வறட்சியில் வாடிய, தழைச்சத்து அதிகம் போன புல்லில் நைத்திரேட்டும் சேர்ந்திருக்கும், அதை மட்டும் வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

குடிக்கிற தண்ணீரையும் அதே மீட்டரில் பாருங்கள். லீற்றருக்கு 1,000 மில்லிகிராமுக்குள், அதாவது ஈசி 1.5 வரை, கறவை மாட்டுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. 3,000 வரை சமாளிக்கும், முதலில் கொஞ்சம் கழியலாம். அதற்கு மேலே குடிக்கத் தயங்கும், தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும். 7,000ஐத் தாண்டினால் சினை மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் கொடுக்கவே கூடாது.

சினை மாடு இருக்கிறவர்கள் ஒரு பாத்தியைத் தனியாக ஒதுக்குங்கள், பீலித் தண்ணீர் மட்டும் பாய்கிற, மூத்திரமும் சாணிக் கரைசலும் பொட்டாஷும் காணாத பாத்தி. கன்று போடுவதற்கு முந்தின மூன்று வாரத்துக்கு அந்தப் புல்தான். அதில் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள், வீட்டில் யார் அரிவாளோடு போனாலும் எதை யாருக்கு அறுப்பது என்று தெரியும்.